மிதக்கும் கோலும் பினாங்கு வெப்பமும்

கள்ளும் நறவும் தோப்பியும் தமிழ் இலக்கியம் பயில்வோர்க்குப் புதிய சொற்கள் அல்ல. தென்னையும் பனையும் தந்த கள்ளைப் பேசிய சங்கப் புலவர்கள், நெல்லினின்று இல்லத்திலேயே சமைத்த கள்ளையும் பேசினர். தோப்பி என்னும் சொல்லுக்கு நெல்லாற் சமைத்த கள் என்றே உரையாசிரியர்கள் பொருள் உரைத்தனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை ஒருபடி மேலே சென்று, அரிசிக்கள் சமைக்கும் முறையையே வரிசைப்படுத்திச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். அக்களியை வாயகன்ற தட்டுப் பிழாவில் இட்டு ஆற்ற வேண்டும். ஆறியபின் முளையை இடித்த மாவை அதனுடன் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயையுடைய சாடியில் வைத்து முதிரவிட வேண்டும். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டும்.

தானியத்திலிருந்து மது வடிக்கும் கலையின் எலும்புக்கூடு முழுவதும் இதனுள் அடங்கியிருக்கிறது. மாவுப்பொருள் இனிப்பாக மாறுவதற்கு முளையிலுள்ள நொதிப்பொருள் வேண்டும். அந்நொதிப்பொருளோ கொதிக்கும் சூட்டில் அழிந்துவிடும். ஆகவேதான் களியை ஆற்றியபின் முளைமாவைச் சேர்த்தனர் போலும். காரணம் அறியாவிடினும் காரியம் அறிந்திருந்தனர். ஆனால் அப்பாட்டில் இல்லாதது ஒன்று உண்டு. அது எண். எத்துணைச் சூடு, எத்துணை இனிப்பு, எத்துணைக் கடுமை என்பவற்றுக்குக் கையும் கண்ணும் நாவுமே அளவுகோல்களாக இருந்தன.

இன்று பினாங்குத் தீவின் தென்கிழக்கே பாயான் பாருவில், சுங்கச் சட்டம் இடங்கொடுக்கும் எல்லைக்குள் பொழுதுபோக்காகப் பீர் வடிப்பவர் ஒருவரின் நிலை வேறு. அவர் கையில் ஒரு கண்ணாடிக்கோல் இருக்கிறது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வடித்த இனிப்புச் சாற்றில் அக்கோலை மிதக்கவிடுகிறார். 1.045 என்று காட்டவேண்டிய இடத்தில் அது 1.037 என்று காட்டுகிறது. தானியம் கெட்டதா, கை தவறியதா, கோல் பொய் சொல்கிறதா? இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளாக மது வடிப்போரும் வரி வாங்குவோரும் வேதியியல் அறிஞரும் இதனையே கேட்டு வந்தனர். அவர்கள் கண்ட விடைகளின் வரலாறே இக்கோலின் வரலாறு.

மிதவையின் பிறப்பு

கனமான நீர்மத்தில் பொருள் மேலே மிதக்கும். இலேசான நீர்மத்தில் ஆழ்ந்து மிதக்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட இவ்வுண்மையே திரவமானியின் அடிப்படை. கி. பி. 400-ஐ ஒட்டிய காலத்தில் சைனீசியஸ் என்பார், அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த கணித அறிஞர் ஹைப்பேஷியாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அடியில் எடையும் உடலில் கோடுகளும் உடைய குழல் ஒன்றைச் செய்துதருமாறு வேண்டினார். அவர் தரும் வருணனை திரவமானிக்கு நன்கு பொருந்துகிறது. 1121-இல் அல்-காசினி தாம் எழுதிய நிறைகோல் பற்றிய நூலிலும் இத்தகைய கருவியை விளக்கினார். 1675-இல் ராபர்ட் பாயில் கள்ளநாணயத்தைக் கண்டறிய ஒரு மிதவையைப் பயன்படுத்தும் வகையைக் கூறினார்.

அறிஞரின் மேசையில் இருந்த இக்கருவியை அங்காடிக்கு இழுத்து வந்தது வரி. சாராயத்தின் கடுமைக்கேற்ப வரி விதிக்க வேண்டுமாயின் அக்கடுமையை அளந்தாக வேண்டும். இங்கிலாந்தில் ஜான் கிளார்க் 1730-ஐ ஒட்டிச் செய்த திரவமானி, 1787-இல் சட்டம் ஏற்ற கருவியாயிற்று. பின்னர் பார்த்தலோமியோ சைக்ஸ் வகுத்த பித்தளைக் கருவி 1816-இல் இயற்றிய சட்டத்தால் அதன் இடத்தைப் பெற்று, பிரிட்டனில் 1980 வரை ஆண்டது. தம் கருவி சட்டமாவதைக் காண சைக்ஸ் இல்லை. அவர் 1803-இலேயே மறைந்தார்.

பீர் வடிப்போர் மறுத்த கோல்

சாராயத்தை அளக்கும் கோல் பீர் வடிப்போரின் கைக்கு எளிதில் வரவில்லை. ஹாம்ப்ஷயரிலுள்ள ஆல்டன் நகரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்னும் இளைஞர் 1768-ஐ ஒட்டி இதனைத் தம் தந்தையின் வடிசாலையில் பயன்படுத்தத் தொடங்கினார். தந்தையார் இதை விரும்பாமையால் மறைவாகவே ஆய்ந்தார் என்பர். லண்டனின் பெரும் வடிசாலை முதலாளியாகிய சாமுவேல் விட்பிரெட்டிடம் அவர் சென்றபோதும் ஊக்கம் கிட்டவில்லை. சதர்க்கில் வடிசாலை நடத்திய ஹென்றி திரேல்தான் அக்கருவியின் பயனை உணர்ந்தார். அனுபவமே அளவு என்று இருந்தவர்களுக்கு, அனுபவத்தை அளக்கும் கோல் உவப்பாக இருக்க முடியாதன்றோ!

எனினும் அக்கோல் காட்டிய எதிர்பாராத எண் ஒன்று ஒரு தொழிலையே மாற்றியது. ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் 1784-இல் நூல் ஒன்று வெளியிட்டு, திரவமானியைப் பீர்த் தொழிலுக்கு உரியதாக்கினார். இனிப்புச்சாறு நீரைவிட எவ்வளவு கனமானது என்பதே தானியத்திலிருந்து எவ்வளவு சத்து இறங்கியது என்பதன் அளவு என்று அவர் காட்டினார். அந்நாளில் லண்டன் மக்கள் பெரிதும் பருகிய கரிய பீராகிய போர்ட்டர், நெருப்பில் பழுப்பாகக் காய்ச்சிய முளைத்தானியத்தால் ஆயது. பழுப்புத் தானியம் விலை மலிவு. ஆகவே இலாபம் என்று எல்லாரும் எண்ணியிருந்தனர். கோலோ வேறு கணக்குச் சொல்லியது. வெளிர்நிறத் தானியத்தைவிடப் பழுப்புத் தானியம் மிகக் குறைந்த சத்தையே தந்தது. மலிவு என்று கருதியது உண்மையில் விலைமிக்கதாயிற்று. வடிப்போர் வெளிர்நிறத் தானியத்துக்கு மாறலாயினர், நிறம் போயிற்று. அக்குறையைத் தீர்க்க டேனியல் வீலர் 1817-இல் தானியத்தைக் காப்பிக்கொட்டைபோல் கருக வறுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். இன்றளவும் கரிய பீருக்கு நிறம் தருவது அத்தகைய வறுவலே.

1880-இல் பிரிட்டனில் கிளாட்ஸ்டன் முளைத்தானிய வரியை நீக்கி, சாற்றின் ஒப்படர்த்தியின்மீதே வரி விதித்தார். 1.057 ஒப்படர்த்தியுள்ள 36 காலன் சாற்றுக்கு 6 ஷில்லிங் 3 பென்ஸ் என்பது கணக்கு. மறைவாகப் பயின்ற கோல் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அரசின் கோலாகிவிட்டது.

வெப்பம் செய்யும் மாயம்

இவ்விடத்தில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இக்கோலில் வரைந்த கோடுகள் குறிப்பிட்டதொரு வெப்பநிலைக்கே உண்மையானவை. பிரிட்டனில் அது 60 பாகை பாரன்ஹீட், அதாவது சுமார் 15.6 பாகை செல்சியஸ். சார்லஸ் பிளாக்டனும் ஜார்ஜ் கில்பினும் 1790 முதல் 1794 வரை அரசின் வேண்டுகோளுக்கிணங்கச் செய்த ஆய்வுகள், வெவ்வேறு வெப்பநிலைகளில் சாராயத்தின் ஒப்படர்த்தி எங்ஙனம் மாறும் என்பதைப் பட்டியலிட்டுக் காட்டின. வெம்மையில் நீர்மம் விரியும், விரிந்த நீர்மம் இலேசாகும், கோல் ஆழ்ந்து மிதக்கும், எண் குறையும்.

லண்டனில் இது சிறு திருத்தம். 1786-இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடி ஏற்றிய பினாங்கிலோ இது சிறிதன்று. இத்தீவில் நிழலிலும் பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தொடும். 15.6 பாகைக்கு வரைந்த கோலை 30 பாகையிலுள்ள தூய நீரில் இட்டால், 1.000 என்று காட்ட வேண்டியது சுமார் 0.997 என்று காட்டும். அவ்வாறே 1.045 உடைய சாறு 1.041-ஐ ஒட்டிக் காட்டும். 20 பாகைக்கு வரைந்த கோலாயின் வேறுபாடு இரண்டரைப் புள்ளி அளவு. ஊறலிலிருந்து 65 பாகைச் சூட்டில் நேரே எடுத்த சாறாயின் வேறுபாடு பதினேழு பதினெட்டுப் புள்ளி வரை போகும், 1.050 உடைய சாறு 1.032 போலத் தோன்றும். பட்டியலைக்கொண்டு திருத்தலாம் எனினும், இத்துணைச் சூட்டில் திருத்தமும் நம்பத்தக்கதன்று, கண்ணாடிக்கும் கேடு. சாற்றை ஆறவிட்டு அளப்பதே நேரிய வழி. உருத்திரங்கண்ணனார் காட்டும் பெண்டிர் களியை ஆற்றியது நொதிப்பொருளைக் காக்க. பாயான் பாரு வடிப்பாளர் சாற்றை ஆற்றுவது எண்ணைக் காக்க.

ஆகவே எதிர்பாராத எண்ணைக் கண்டவுடன் செய்யத்தக்க முதற்செயல் எளியது. கோலின் தாளில் எந்த வெப்பநிலை குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்து, அவ்வெப்பநிலையிலுள்ள தூய நீரில் கோலை மிதக்கவிட வேண்டும். 1.000 என்று காட்டினால் கோல் குற்றமற்றது. இரண்டு புள்ளி பிறழ்ந்து காட்டினால், அவ்விரண்டையும் எப்போதும் கூட்டியோ கழித்தோ கொள்ளலாம். கோலில் ஒட்டிய குமிழிகள் அதனைத் தூக்கி எண்ணை மிகுவிக்கும் என்பதால், கோலை ஒருமுறை சுழற்றிவிட்டுப் பார்ப்பதும் நன்று.

எண்ணைப் பிரித்துக் காணல்

கோல் குற்றமற்றது, வெப்பத் திருத்தமும் செய்தாயிற்று, அப்போதும் எண் குறைந்தே நிற்கிறது என்றால், ரிச்சர்ட்சன் காட்டிய கணக்குக்குச் செல்ல வேண்டும். ஒப்படர்த்தி தனித்துப் பொருள் தரும் எண் அன்று. சாற்றின் அளவோடு பெருக்கினால்தான் அது பொருள் தரும்.

1.045 என்பதை 45 புள்ளி என்று கொள்வோமாயின், கணக்கு எளிதாகும். நல்ல வெளிர்நிற முளைத்தானியம் ஒரு கிலோ, முழுச் சத்தும் இறங்கினால், ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 300 புள்ளி தரும். நான்கு கிலோவுக்கு 1,200. வீட்டில் வடிப்போர்க்கு அதில் முக்கால் பங்கு கிட்டினால் நிறைவு, அஃதாவது 900. அது 20 லிட்டரில் பரந்தால் 45 புள்ளி, 1.045.

இனி, கோல் 1.037 காட்டுகிறது என்க. பானையில் 24 லிட்டர் இருந்தால் 37-ஐ 24-ஆல் பெருக்க 888 வரும். 900-க்கு அது அண்மையது. தானியம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது, நீர்தான் மிகுந்துவிட்டது. சற்று மிகுதியாகக் கொதிக்கவிட்டால் குறை தீரும். பானையில் 20 லிட்டரே இருந்தாலோ 37-ஐ 20-ஆல் பெருக்க 740. 1,200-இல் நூற்றுக்கு 62 பங்கு. இப்போது சத்து உண்மையிலேயே தானியத்தில் தங்கிவிட்டது. எண் ஒன்றே, செய்ய வேண்டியவை இரண்டு. எண் மிகுந்து காட்டினாலும் இதுவே வழி. பெரும்பாலும் கொதி மிகுந்து நீர் வற்றியிருக்கும். ஆற்றிய கொதிநீர் சேர்த்தால் சரியாகும்.

சத்து தங்கியதற்குக் காரணங்கள் சிலவே. அரைவை பருமனாயிருந்தால் தானியத்தின் உள்மாவை நீர் எட்டாது. ஊறல் நன்கு கலவாமல் உருண்டை கட்டியிருந்தால் உருண்டையின் உள்ளே மாவு மாவாகவே கிடக்கும். வடிகட்டலை விரைந்து முடித்தால் இனிப்பு சக்கையோடு போகும். இவற்றோடு, அளவெடுத்த இடமும் ஒரு காரணமாகலாம். வடிகட்டலின் பிற்பகுதியில் வரும் நீர்த்த சாறு, முன்னர் வந்த கெட்டிச் சாற்றின்மேல் தனியடுக்காக நிற்கும். கலக்காமல் மேலே முகந்தால் எண் குறையும், அடியில் முகந்தால் மிகும்.

ஊறலின் வெப்பமோ வேறு வகையில் விளையாடும். 62 முதல் 65 பாகை வரையில் ஒரு நொதிப்பொருள் சிறந்து வேலை செய்து, ஈஸ்ட் முழுதும் உண்ணத்தக்க சர்க்கரையை மிகுவிக்கும். 70 பாகையை ஒட்டி வேறொன்று ஓங்கி, ஈஸ்ட் உண்ணமாட்டாத சர்க்கரைகளை மிகுதியாக விடும். இவ்விரண்டு ஊறல்களும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டலாம். வேறுபாடு புளித்து முடிந்தபின்பே தெரியும். 1.045-இல் தொடங்கிய சாறு 1.011-இல் நின்றால், குறைந்த 34 புள்ளிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு நாலரைப் பங்கு சாராயம் உண்டாகியிருக்கும். 1.018-இலேயே நின்றுவிட்டால், ஈஸ்ட் சோம்பியதா, அல்லது ஊறல் சூடு மிகுந்ததா என்று ஆராய வேண்டும். முன்னதாயின் ஈஸ்ட்டை எழுப்பலாம். பின்னதாயின் எழுப்புவதற்கு ஒன்றுமில்லை, அந்தப் பீரின் இயல்பே அது.

ஒரே எண், இரண்டு உண்மை

எண் ஒன்று, உண்மை இரண்டு என்பது தமிழர் நன்கறிந்த கள்ளில் இன்னும் தெளிவாகும். லைட் காலத்துக்குப் பின் நெடுங்காலம் பினாங்கில் சாராயமும் கள்ளும் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளர் வாழ்ந்த தோட்டங்களில் கள்ளுக்கடை ஒரு நிலையான காட்சியாயிற்று. உழைத்த கூலி எதற்குச் செலவாகிறது என்னும் கேள்வியும் உடன் எழுந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

தென்னம்பாளையிலிருந்து இறக்கிய சாறு இனிப்பானது. அதன் ஒப்படர்த்தி 1.060 என்று கொள்க. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணிநேரத்திலேயே அதனைப் புளிக்கச் செய்யும். பாதியளவு புளித்த கள்ளில் கோலை இட்டால் 1.030 காட்டும். புளியாத சாற்றில் சம அளவு நீர் கலந்துவிட்டுக் கோலை இட்டாலும் 1.030 தான் காட்டும். முன்னதில் நூற்றுக்கு நான்கு பங்களவு சாராயம் உண்டு. பின்னதில் சாராயமே இல்லை. விற்றவன் நேரியனா அல்லனா என்று அந்த எண் ஒன்றைக்கொண்டு தீர்ப்புக் கூற முடியுமா? முடியாது.

இதே சிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசையும் வாட்டியது. இந்தியா முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியான பீருக்கு, முன்னர்க் கட்டிய வரியைத் திருப்பித்தரும் வழக்கம் இருந்தது. புளித்து முடிந்த பீரைக்கொண்டு, தொடக்கத்தில் சாறு எவ்வளவு கனமாயிருந்தது என்று கண்டால்தான் திருப்பித்தரும் தொகையைக் கணக்கிட முடியும். தாமஸ் கிரகாம், ஹாஃப்மன், ரெட்வுட் என்னும் மூன்று வேதியியல் அறிஞர் 1852-இல் இதுபற்றி அறிக்கை தந்தனர். குறித்த அளவு பீரைக் காய்ச்சிச் சாராயத்தைத் தனியே வடித்தெடுக்க வேண்டும். வடிந்ததையும் எஞ்சியதையும் தனித்தனியே நீர் விட்டுப் பழைய அளவுக்கு நிறைத்து, இரண்டையும் அளக்க வேண்டும்.

இம்முறையை மேற்சொன்ன இரு கலயங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். நீர் கலந்த கலயத்தில் எஞ்சியது 1.030 ஆகவே நிற்கும்; வடிந்தது வெறும் நீராக 1.000 காட்டும். புளித்த கலயத்தில் வடிந்தது சாராயம் கலந்து சுமார் 0.994 காட்டும், சாராயம் நீங்கிய எஞ்சியதோ 1.036 வரை உயரும். ஒரு கோலால் காணமுடியாத உண்மையை அதே கோலை இருமுறை பயன்படுத்திக் கண்டனர். இன்று சிலர் கையாளும் ஒளிமுறிவுமானிக்கும் இப்பாடம் பொருந்தும். ஒளி வளைவதைக்கொண்டு இனிப்பை அளக்கும் அக்கருவி, சாராயம் கலந்தபின் உள்ளதைவிட மிகுதியாகவே காட்டும். புளித்துக்கொண்டிருக்கும் பீரை அதனால் அளந்து, ஈஸ்ட் நின்றுவிட்டது என்று மருளுவது வீண்.

கோலின் கல்வி

மலாய்மொழியில் பாரு என்பதற்குப் புதியது என்று பொருள். 1969-இல் அமைந்த பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய இப்புதுநகர், 1972-இல் தோன்றிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிக வட்டாரத்தை அடுத்துள்ளது. மின்னணுக் கருவிகளைச் செய்யும் ஆலைகள் நிறைந்த அவ்வட்டாரத்தில், அளவு என்பதே அன்றாடத் தொழில். அங்கே எவரும் கருவி ஒன்று காட்டிய எண்ணை, அது எந்நிலையில் எடுக்கப்பட்டது என்று கேளாமல் ஏற்பதில்லை. மாலையில் வீடு திரும்பிப் பானையருகே நிற்பவருக்கும் அதுவே நெறி.

கோல் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். இந்த நீர்மம், இவ்வெப்பத்தில், இவ்விடத்தில் எவ்வளவு கனமானது என்பதே அது அறிந்த ஒரே கேள்வி. தானியம் நல்லதா, வடித்தவர் திறமையானவரா, விற்றவர் நேரியவரா என்னும் கேள்விகளை அதனிடம் கேட்டு, அதன் எண்ணை விடையாகக் கொள்வது மனிதர் செய்யும் பிழை. பேவர்ஸ்டாக்கின் தந்தையார் கோலை மறுத்துப் பிழைபட்டார். கள்ளுக்கலயத்தில் ஒருமுறை கோலை இட்டுத் தீர்ப்புச் சொல்பவர் கோலை முற்றும் நம்பிப் பிழைபடுவார். ரிச்சர்ட்சனும் 1852-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியோரும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் கண்டனர். எண்ணை ஏற்றனர், ஆனால் அதற்குக் காரணமான வெப்பத்தையும் அளவையும் காலத்தையும் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்த பின்னரே பொருள் கொண்டனர். பாயான் பாருவில் 1.037 கண்டு திகைப்பவரும் முதலில் வெப்பமானியையும், அடுத்து லிட்டர்க் குறியையும், இறுதியில் அரைவையையும் பார்ப்பாராயின், கொட்டிக் கவிழ்க்க நினைத்த பானை பெரும்பாலும் நல்ல பானையாகவே இருக்கக் காண்பார்.